கணவாய் திறந்திருக்கிறது

தேநீர்க் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர்கள், ஐயா. நம் ஊரில் பாதிக் கோப்பை ஊற்றினால் இன்னும் கொஞ்சம் உட்கார் என்று பொருள். முழுக் கோப்பை என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நீங்கள் பிஷ்கெக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், தெரியாமல் ஊற்றியிருக்க மாட்டீர்கள். வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைத் திருடன் என்று எழுதுங்கள், வேறு எதையாவது எழுதுங்கள். கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் தொழிலில் நான் எதையும் மறந்ததில்லை.

உங்களுக்கு இந்தத் தொழில் புரியவில்லை என்பது நீங்கள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. அது உங்கள் குற்றமில்லை. யாருக்கும் புரியவில்லை, அதனால்தான் நான் பிழைக்கிறேன். பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வலைத்தளம் கட்டித் தருகிறவன். ஒரு தளத்துக்கு முதலில் வேண்டியது ஒரு பெயர். அதை ஏதாவது ஒரு பதிவு நிறுவனத்தில் யாராவது ஒருவர் பெயரில் பதிய வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் இருக்காது. இருந்தால் கடவுச்சொல் ஞாபகம் இருக்காது. அதனால் இங்கே எங்கள் வழக்கம் என்னவென்றால், கட்டுகிறவனே தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிடுவான். வாடிக்கையாளரும் நிம்மதியாகப் போய்விடுவார். சொந்த வீட்டைக் கொத்தனார் பெயரில் பத்திரம் எழுதச் சொல்வார்களா? மாட்டார்கள். இதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சகின்பெக்கும் அப்படித்தான் சொன்னார். கரா-பெல் கணவாய் வழியாகத் தெற்கே லாரி ஓட்டியவர். கணவாயின் அடிவாரத்தில் அவர் மனைவி புரூல் எஜே தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். ஊரே அவளை எஜே, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மலையின் இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்போது அந்தப் பக்கம் பனி கொட்டும். இறங்கி வரும் ஓட்டுநர்கள் கடையில் நின்று, மேலே வழி இருக்கிறதா இல்லையா என்று அவளிடம் சொல்வார்கள். அதை எல்லாருக்கும் தெரியப்படுத்த ஒரு தளம் வேண்டும் என்று கேட்டார் சகின்பெக்.

நான் கட்டிக் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு வாசகம்தான். ‘கணவாய் திறந்திருக்கிறது’ என்று பச்சையில் வரும், இல்லாவிட்டால் ‘மூடியிருக்கிறது’ என்று சிவப்பில் வரும். அடியில் தேதியும் நேரமும். புரூல் எஜேயின் ஃபோனில் இரண்டு பொத்தான்கள், அவ்வளவுதான்.

“உம் பேர்லயே எழுதிக்கடா தம்பி. பேரு என்ன ஆடா, அவுத்துக்கிட்டு ஓடறதுக்கு?” என்றார் சகின்பெக். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தளம் தொடங்கிய அன்று ஆடு அறுத்தார்கள். மரியாதைக்காகத் தலையை ஒரு கிழட்டு லாரிக்காரனுக்கு வைத்தார்கள். நல்ல எலும்புகள் எல்லாம் வரிசைப்படி ஓட்டுநர்களுக்குப் போயின. என்னைக் கதவோரம் உட்காரவைத்துக் கழுத்தெலும்பைக் கொடுத்தார்கள். விருந்தாளிக்குக் கழுத்தெலும்பு வைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ‘கம்ப்யூட்டர்காரத் தம்பி’ என்றுதான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டார்கள், காலிஸ் என்ற என் பெயர் ஒருவனுக்கும் வாயில் வரவில்லை. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

சகின்பெக் போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். புரூல் எஜே விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். வருடாவருடம் பெயரைப் புதுப்பித்தது நான். அதற்கு நன்றியாக அவள் ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டை அனுப்புவாள். நான் அதைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போடுவேன்.

இதற்குள் தெற்கே போகிற நாடே அந்தப் பச்சையைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை என்று ஆகிவிட்டது. அரசாங்கத்தின் தடுப்புக் கம்பம் எப்போதோ முறிந்து பள்ளத்தில் கிடக்கிறது, அதை நிமிர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் இருக்கிறது, வானம் இருக்கிறது. இவர்களோ உள்ளங்கையில் ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இந்தக் குளிர்காலத்தில் அல்மாத்தியிலிருந்து சங்ஜார் என்று ஒருவன் அழைத்தான். இணையத்தில் சூதாட்டம் நடத்துகிறவன்.

“உங்க ஊரு ஜனம் தெனமும் தொறந்து பாக்கற பேரு அது. எனக்கு அந்தப் பழக்கம்தான் வேணும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றான். “ஒரே ஒரு கண்டிஷன். பேரு எங்கிட்ட வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பக்கத்துல ஒருத்தன் கைவைக்கக் கூடாது. ‘கடைய மூடிட்டோம்’னு அறிவிப்பு கிறிவிப்பு போட்டீங்கன்னா ஜனம் ஓடிப் போயிடும்.”

முட்டாள் இல்லை அவன். நான் பேசிய மனிதர்களில் அவன் ஒருவன்தான் விஷயம் தெரிந்து பேசினான்.

பெயரை விற்பது என்றால் ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர வேண்டும். முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு ஒரு ரகசியக் குறியீடு வரும், அதை வாங்குகிறவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் அதைத் தன் நிறுவனத்தில் போட்டதும் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். சம்மதமா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். சம்மதம் என்று அழுத்தினால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். எதையும் அழுத்தாமல் இருந்தால் ஐந்து நாள் பார்த்துவிட்டு, மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பெயர் தானாகப் போய்விடும்.

நான் பூட்டைத் திறந்தேன், குறியீட்டைக் கொடுத்தேன், பக்கத்தில் கைவைக்க முடியாதபடி புரூல் எஜேயின் கடவுச்சொல்லை மாற்றினேன். அப்போது பக்கம் பச்சையில் இருந்தது. மின்னஞ்சல் வந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. அழுத்தினால் நான் விற்றதாகப் பதிவாகிவிடும். அழுத்தாவிட்டால் நான் பார்க்கவில்லை, நேரமில்லை, எப்படியோ போய்விட்டது என்று நாளைக்கு எவன் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே கவனக்குறைவு, அது இதுதான். எவ்வளவு யோசித்துச் செய்தது என்று இப்போதாவது புரிகிறதா?

மறுநாளே புரூல் எஜே அழைத்தாள்.

“தம்பி, பட்டன் அமுங்க மாட்டேங்குது. என்னமோ தப்பு கடவுச்சொல்னு சொல்லுது.”

“சர்வர்ல வேல நடக்குது எஜே. சரியாயிடும்.”

“எப்ப?”

“நாலஞ்சு நாள்ல.”

“சரிடா தம்பி. நீ சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். சர்வர் என்றால் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவர்கள்.

அதற்கு அடுத்த நாள் பனி ஆரம்பித்தது. அதன்பின் ஃபோன் அடங்கவில்லை. நான் எடுக்காமல் விட்டேன், கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தேன். மின்னஞ்சல் வந்ததிலிருந்து நாலாம் நாள் காலையில் ஒரு தடவை எடுத்தேன்.

“மேல வழியே இல்லடா காலிஸ்” என்றாள். என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான். “லாரி ரெண்டு திரும்பி வந்துடுச்சு. சரிவுல பனி ஆடிக்கிட்டு நிக்குதாம். நீயாவது அதச் சிவப்பாக்கு. இல்லன்னா ‘புரூலுக்கு ஃபோன் பண்ணு’ன்னு ஒரு வரி போடு, போதும். உங் கால்ல விழறேன்.”

“வர்றவங்களுக்குக் கண்ணு இல்லையா எஜே? வானத்தப் பாத்தாத் தெரியாதா?”

“இங்க வெயிலடிக்குதேடா, பாவி. அதுக்குத்தானே அதக் கட்டச் சொன்னோம்.”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பார்க்கவும் செய்தேன். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அன்று மதியம் நடந்தது உங்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள், நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருக்கிறாள். வந்த வண்டிகளை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பழைய ஓட்டுநர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். அப்புறம் கல்யாணத்துக்குப் போகிற ஒரு வேன் வந்தது. ஓட்டியவன் மிர்லான் என்று புதியவன், அவளை முன்பின் பார்த்ததில்லை.

“மேல போகாதீங்கடா, வழி மூடியிருக்கு.”

“யாரு எஜே சொன்னது? இங்க பாருங்க, பச்ச. பழசுகூட இல்ல, இன்னிக்குக் காலைல போட்டிருக்கு.”

“அது என் தளம்டா. நாந்தான்டா அதப் போடறவ.”

“நீங்களா?” என்று மிர்லான் சிரித்திருக்கிறான். பின்னால் இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். “டீ விக்கணும்னா நேராவே சொல்லலாமே எஜே. திரும்பி வரும்போது கண்டிப்பாக் குடிக்கிறோம்.”

அவள் வண்டியின் முன்னால் போய் நின்றாள். அவன் ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பனிச்சரிவு இரண்டாவது வளைவில் அவர்களைப் பிடித்தது. பதினோரு பேர். இரண்டு உடல்கள் இன்னும் மேலேதான் இருக்கின்றன, வசந்தம் வந்தால்தான் எடுக்க முடியும் என்கிறார்கள்.

மறுநாள் பெயர் சங்ஜாரிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது அதைத் திறந்தால் சூதாட்டச் சக்கரம் சுற்றுகிறது. ஓட்டுநர்கள் இன்னமும் காலையில் அதைத் திறந்து பார்க்கிறார்களாம், கை பழகிவிட்டது. சிலர் ஆடவும் ஆரம்பித்துவிட்டார்களாம். சொன்னேன் அல்லவா, இவர்கள் இப்படித்தான்.

உங்கள் காகிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, ஐயா. பக்கம் உறைந்துபோயிருந்தால் அடியில் நாலு நாள் பழைய தேதி அல்லவா இருந்திருக்க வேண்டும்? மிர்லான் எப்படி அன்றைய தேதியைக் காட்டினான்? நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் ஏதோ முணுமுணுத்தேன். ‘இயந்திரக் கோளாறு’ என்று நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். நான் கட்டிய எதிலும் கோளாறு கிடையாது.

அன்று காலை, புரூல் எஜே அழுது முடித்துக் கொஞ்ச நேரத்தில் சங்ஜார் அழைத்தான்.

“என்ன காலிஸ், தேதி பழசா நிக்குது? செத்த தளத்த எந் தலையில கட்டறீங்களா? எங்க பங்காளிங்க இப்ப பாக்கப் போறாங்க. உயிரோட இருக்குன்னு காட்டுங்க.”

நான் உள்ளே போனேன். தேதி மாற வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அவள் ஃபோனில் இருக்கிற அதே இரண்டு பொத்தான்கள்தான் என் திரையிலும், பக்கத்துப் பக்கத்தில். சிவப்பை அழுத்தினாலும் தேதி மாறியிருக்கும், சங்ஜாருக்கும் அது போதும். அவன் நிறம் எதுவும் கேட்கவில்லை. மேலே வழியில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மலைமேல் மட்டும்தான் இருந்தார்கள். நான் பச்சையை அழுத்தினேன். கை தவறவில்லை. சிவப்பை அழுத்தியிருந்தால் அவள் சொல்லி நான் செய்ததாக ஆகியிருக்கும், அவ்வளவுதான் காரணம்.

இதைத்தான் எழுத வேண்டும். கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம். அந்த மிர்லான், கண்ணுக்கு நேரே நின்று கத்துகிற ஒரு பெண்ணை நம்பவில்லை. நான் அழுத்தியதை நம்பினான். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என் வேலையை இவ்வளவு மதித்த வேறொருவனை நான் பார்த்ததில்லை, ஐயா. உயிரோடு இருந்திருந்தால் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன்.