அம்மாசி கட்டிய கயிறு

மலையில் துணி காய்வது லேசான காரியமில்லை, சார். கீழே சுங்கைப் பட்டாணியில் வெயில் கொளுத்தும். மேலே ஜெராய் மலை பங்களாவில் நவம்பர் மாதம் முழுக்க மேகம் சன்னல் வழியே வந்து உட்கார்ந்துகொள்ளும். விருந்தினர்களின் படுக்கை விரிப்புகளை அடுப்பங்கரையில் கொடி கட்டித்தான் காயவைப்பேன். ஒன்பது வருடமாக அங்கே சமையலும் காவலும் நான்தான். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை.

பேட்ரிசியா என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. அதை நான் மறைக்கவில்லை. எழுபத்திரண்டில் என் தங்கை ஜெனவீவ் புக்கிட் செலம்பாவில் கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளை. பதினோராம் நாள் என் மடியில் போட்டுவிட்டு, சிங்கப்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டாள். ஊர் வாயிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் நான் மலையேறினேன். ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றவள் நான். காய்ச்சல் கண்டபோது ஏழு மைல் தூக்கிக்கொண்டு இறங்கியவளும் நான்தான்.

போன வாரம் வியாழக்கிழமை காலை, தோட்டக்காரர் அம்மாசி நனைந்துகொண்டே வந்தார். பேட்ரிசியாவும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அகத்தா, குறுக்கு வழியில இருக்கிற மரப்பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. குறுக்கால கயிறு கட்டிட்டு வந்திருக்கேன். யாரையும் அந்தப் பக்கம் விட்றாத."

சொல்லிவிட்டு, உடம்பு சுடுகிறதென்று தன் அறையில் போய்ப் படுத்துவிட்டார்.

பதினொரு மணிக்குச் சாமான் ஏற்றி வந்த ஜீப்பில் ஜெனவீவ் வந்து இறங்கினாள். ஒன்பது வருடத்தில் இரண்டே முறை வந்தவள். மழைக்குப் பயந்து ஜீப் உடனே திரும்பிவிட்டது.

"அக்கா, வால்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பிள்ளைய கூட்டிட்டு வான்னுட்டாரு. சூராட் பெரானாக்ல என் பேருதானே இருக்கு" என்றாள்.

வால்டர் அவளை இரண்டு வருடம் முன்பு கட்டியவர். பிறப்புப் பத்திரத்தில் அவள் பெயர் இருப்பது உண்மைதான். நான் சண்டை போடவில்லை. தஞ்சோங் டாவாய் கருவாட்டில் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குடை பிடித்துப் போய் அம்மாசியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். விரிப்புகள் ஈரமாகவே கிடந்தன. இன்னொரு கொடி தேவைப்பட்டது.

உடனே பிள்ளையோடு கிளம்பப் பார்த்தாள்.

"மழையில அவள நனைக்காத. கீழ குருன்ல நம்ம சொந்தக்காரி பாப்பம்மா வீட்லதானே தங்கியிருக்க? நீ முன்னால போ. துணிமணியெல்லாம் கட்டி நாளைக்கு ஜீப்புல நானே கூட்டியாறேன். குறுக்கு வழில போனா பஸ்ஸப் பிடிச்சிரலாம் லா" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீதான்க்கா இவளுக்குத் தாய் மாதிரி" என்றாள்.

மாதிரி. அந்தச் சொல்லை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அந்த வழியில் பாசி பிடித்த படிகள் நேராகப் பாலத்தில் போய் முடியும். மேகம் இறங்கினால் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. அன்று நன்றாகவே இறங்கியிருந்தது.

அவள் முற்றத்தைத் தாண்டியதும் பேட்ரிசியா ஓடி வந்தாள். "ம்மா, பாலம்..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். மெதுவாகத்தான். ஜெனவீவின் மஞ்சள் குடை மேகத்துக்குள் மறைந்து, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டிருந்தேன்.

தள்ளிவிட்டாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நான் தொடவே இல்லை. பாலம் இல்லை என்று தெரிந்தே அனுப்பினேன். உயிரோடு போய்ச் சேரக்கூடாது என்றே அனுப்பினேன். போதுமா? நாளைக்கே அவள் திரும்பி வந்து வழி கேட்டாலும் அதையேதான் காட்டுவேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் பிள்ளையை நான் கெடுத்துவிட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களே, அது மட்டும் பொய். அவளுக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. நான் கையை எடுத்ததிலிருந்து இந்த எட்டு நாளில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பசிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. மனதில் குறை வைத்திருக்கிற பிள்ளை இவ்வளவு அமைதியாக இருக்குமா, சார்?