தீராத வயிற்று வலி

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் நெசவுக்காரப் புருஷன் பெண்டாட்டி. அவர்கள் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"எங்க, பட்டணத்துக்கா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஆங். இவளுக்கு வயித்து வலி. பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்னு," என்றான் புருஷன்.

"எனக்கு வயித்து வலி இல்ல!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மனசுதான் சரியில்ல. செத்துடலாம் செத்துடலாம்னு தோணிகினே கீது. அதுக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

"மெதுவா பேசுடி. பைத்தியம்னு சொல்லிடப் போறாங்க."

"சொல்லட்டும் பாவா," என்றாள் புருஷனிடம். " உங்க வீட்ல இருந்த எங்கக்கா தன் உயிர மாய்ச்சிகினப்போ போலீசுகிட்ட என்னா சொன்னீங்க? தீராத வயித்து வலின்னு. பேப்பர்லயும் அதான் வந்துச்சு. அவ்ளோ வலின்னா, ஒருத்தராவது அவளுக்கு ஒரு வாய் கஷாயம் வெச்சுக் குடுத்தீங்களா? அவ வயித்துல ஒரு நோவும் இல்லன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வயித்து வலியில நான் சாவ மாட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கே.ஜி.கண்டிகையில் அந்த அம்மா கூடையோடு இறங்கினாள். இறங்கியவள் போகவில்லை. ஜன்னலண்டை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவணும்? சத்தமாவே சொல்லு. என் மவளுக்கும் வயித்து வலின்னுதான் சொல்லிகினு கீறோம்."