வாலின் இடப்பக்க சர்வோ குறித்துச் சொன்னது

என் பெயரும் வீட்டு எண்ணும் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்தேழு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மனைவியுடன் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். காயம்பட்டவன் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வயது முப்பத்தொன்பது, பேருந்து ஓட்டுநர். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் இல்லை. ரிமோட் விமானம் விடுவதில் இருவருக்கும் ஒரே பைத்தியம்.

சர்வோ என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் அய்யா கேட்டதால் சொல்கிறேன். தீப்பெட்டி அளவு மோட்டார். கையிலுள்ள ரிமோட்டில் குச்சியை அசைத்தால் அது விமானத்தின் வால் தகட்டை அசைக்கும். எங்கள் விமானம் வானத்தில் வட்டமும் குட்டிக்கரணமும் அளந்து போட்டு போட்டியில் மதிப்பெண் வாங்கும் வகை. வாலில் இடது, வலது என இரண்டு தகடுகள், தகட்டுக்கு ஒரு சர்வோ.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியளவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு சர்வோக்களை வைத்து எதைப் போடுவது என்று பேசினோம். இரண்டு நான் வாங்கிய புதியவை, எட்டு வோல்ட் தாங்கும். மற்ற இரண்டு மச்சினனின் பழைய விமானத்தில் இருந்தவை, ஆறு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒரே கம்பெனி, ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே வயர். லேபிளைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். அவன் வேகம் முக்கியம் என்று பழையதையும், நான் பலம் முக்கியம் என்று புதியதையும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு சமையலறைத் தராசில் எடை பார்த்தோம். போட்டிக்கு ஐந்து கிலோதான் வரம்பு, விமானம் ஒரு கிராம் கூடுதலாக இருந்தது. அந்த ஒரு கிராம் என் தலைக்கு ஏறிவிட்டது. லேபிளை எடுத்தாலாவது எடை குறையும், ஒப்பிடுவதில் பாரபட்சமும் கூடாது என்று நான்கு சர்வோக்களின் லேபிளையும் உரித்தேன். அதன் பிறகு புதியதையே போடுவது என்று முடிவானது. அதற்குள் மனைவி மேசையைக் காலி செய்யச் சொன்னதால் நான்கையும் ஒரே கிண்ணத்தில் அள்ளிப் போட்டேன்.

சாப்பிட்ட பிறகு விரலால் சுற்றிப் பார்த்து, கெட்டியாக இருப்பது புதியது என்று ஆளுக்கு ஒன்று எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் மாட்டினோம். விமானத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் நான் மாட்டியது எந்தப் பக்கம் என்று இன்றுவரை பிடிபடவில்லை. மாட்டிய பின் இரண்டும் ஒழுங்காகத்தான் அசைந்தன.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் ஒரு கிடங்குக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் எட்டு வோல்ட் பேட்டரி போட்டு நான் விமானத்தை ஏற்றினேன். அடுத்து எந்த வித்தை என்று என் காதருகே நின்று சொல்வது மச்சினன் வேலை. மூன்றாவது வட்டத்தில் கீழே வந்த விமானம் மூக்கை நிமிர்த்தாமல் ஒரு பக்கம் புரண்டு எங்களை நோக்கி வந்தது. "இழுங்க மாமா" என்றான். நான் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அது அவன் வலது தோளில் மோதியது. அதன் பிறகு பிரித்துப் பார்த்ததில் இடப்பக்க சர்வோ கருகியிருந்தது. எட்டு வோல்ட் தாங்காமல் கருகியதால் அது பழைய ஆறு வோல்ட் சர்வோ என்று தெரிந்தது.

தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, மூன்று மாதம் ஸ்டீயரிங் தொடக்கூடாது, பிறகும் பழைய பலம் வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மனைவி என்னிடம், "ரெண்டு பேர்ல யாருன்னு சொல்லுங்க. நான் யார்கிட்ட பேசாம இருக்கணும்னு தெரியணும்ல" என்று கேட்டாள்.

நேற்று மருத்துவமனையில் மச்சினன், "இடது பக்கம் நான்தான் மாட்டுனேன். அப்படியே எழுதிக் குடுங்க மாமா, உங்களுக்குக் கேஸ் வேண்டாம்" என்றான். நினைவு வந்து சொல்கிறானா, என்னைக் காப்பாற்றச் சொல்கிறானா என்று குழம்பிப்போய் வந்தேன்.

மாட்டியது யார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் முதல் லேபிளில் நகத்தை வைத்தபோதே அவன் என் கையைப் பிடித்து, "வேணாம் மாமா, அப்புறம் எது எதுன்னு தெரியாது" என்றான். அந்தக் கையைத் தட்டிவிட்டுத்தான் உரித்தேன். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. அதனால் நான் சொல்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் உண்மையாகச் சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)