சத்தம் கூட்ட முடியாத வாத்தியம்

முதலில் ஒரு திருத்தம். என் வழக்கைப் பற்றி எழுதிய இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளும் என் மகள் பியானோ வாசிக்கிறவள் என்று போட்டிருந்தன. தவறு. அவள் வாசித்தது ஹார்ப்சிகார்ட். பார்வைக்குப் பியானோவின் ஒல்லித் தங்கச்சி மாதிரி இருக்கும். பியானோவில் கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டும். இதில் ஒரு சின்ன முள் கம்பியைச் சுண்டும். அதனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

என் பெயர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தேன். எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். மகள் சந்திரவதனா பெரிய இசைக் கல்லூரி ஒன்றில் மேற்படிப்புக்கு எடுபட்டபோது, அந்தக் கல்லூரி வாசலுக்கு ஆள் அனுப்பும் செக்யூரிட்டிக் கம்பனியைத் தேடிப் பிடித்து, அங்கேயே பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். பெற்றவன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். என்னைப் பொறுப்பில்லாத தகப்பன் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அவளுடைய பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கன்டினுவோ. தாளில் இடக்கைக்கு ஒரு வரி மட்டும் எழுதியிருக்கும். அதன் மேல் ஆறு, நாலு, ஏழு என்று எண்கள். அந்த எண்களைப் பார்த்து, பாடுகிறவருக்குப் பின்னால் போய்க்கொண்டே, மிச்சத்தை வாசிக்கிறவர் அந்தக் கணத்தில் இட்டு நிரப்ப வேண்டும். எண் என்றதும் எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. நூலகத்தில் ஐந்து வருடப் பழைய வினாத்தாள்களைப் பிரதி எடுத்து, அவளைச் சமையலறை மேசையில் இருத்தி, எல்லாவற்றுக்கும் விடை எழுதுவித்தேன். அவளுடைய பேராசிரியை அந்தக் கொப்பியை வாங்கி மூடிவிட்டு, இதெல்லாம் எழுதக்கூடாது, பாடுகிறவளுடைய மூச்சைக் கேள் என்றாளாம். மூச்சைக் கேட்பதற்கு ஒரு பட்டமா என்று நினைத்தேன். மூச்சுக் கேட்கிற வேலையை வாசல் மேசையில் இருந்து நானும்தான் செய்துகொண்டிருந்தேன்.

தொண்ணூற்று மூன்று மார்ச் மாதம் ஒரு தேவாலயத்தில் கல்லூரிக் கச்சேரி நடந்தது. எங்கள் பகுதியான ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் விம்பிள்டனிலிருந்தும் முப்பத்தெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்களுக்கு அரங்கேற்றம் பழக்கம். பிள்ளை நடுவில் இருப்பாள். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஓரத்தில் இருப்பார்கள். எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்து வந்தார்கள். என் மனைவி பாலாம்பிகை கூறைச்சேலையையே உடுத்தியிருந்தாள். கல்யாண வீடியோ எடுக்கிற யேசுரட்ணத்தை முன்வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

நடுவில் நின்றது இசபெல். மகளோடு படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை. அவள்தான் பாடினாள். என் மகள் பின்னால், ஆளுயர வயலின் ஒன்றுக்குப் பின்னால் இருந்தாள். யேசுரட்ணம் பாவம், இரண்டு மணித்தியாலம் கால்கடுக்க நின்று எடுத்தான். அந்த நாடாவில் என் மகளின் வலது முழங்கை நாலு இடத்தில் தெரியும்.

இடைவேளையில் என் தங்கை புருஷன் தியாகராஜா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்தான்.

"மச்சான், பிள்ளை எப்ப வாசிக்கப் போறா?"

"வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறா."

"அப்பிடியோ? ஒண்டும் கேக்கேல்லை. சரி விடு, பக்கவாத்தியத்துக்கும் ஆள் வேணும்தானே."

முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் மானம் கப்பலேறியது. அவன் மகள் விம்பிள்டனில் வீணை வாசித்தபோது மைக் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "கொஞ்சம் ஓங்கி அடியன் பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள்.

"அப்பா, இதில சத்தம் கூட்ட ஏலாது. கூட்டத் தேவையுமில்லை. இசபெல் எந்த இடத்தில தடுமாறுவா எண்டு அவவுக்கு முதல் எனக்குத் தெரியும். நான் பிடிச்சிடுவன். ஒருத்தருக்கும் தெரியாது. அதிலதான் எனக்குச் சந்தோசம்."

இருபத்து நாலு வயதில் இவ்வளவு குறைந்த ஆசை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு எது சந்தோசம் என்று பிள்ளைகளிடம் கேட்டு நடக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து யோசித்தேன். சமன்பாட்டில் ஒரு பக்கத்தைக் கூட்ட முடியாவிட்டால் மறுபக்கத்தைக் குறைக்க வேண்டும். இதை நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூனில் கடைசித் தேர்வு. தனியாக வாசிக்கிற பகுதி பூட்டிய அறையில், மூன்று பேருக்கு முன்னால் முடிந்துவிடும். சபைக்கு முன்னால் நடப்பது கன்டினுவோத் தேர்வுதான். அதிலும் நடுவில் இசபெல். அவளுக்கு ஒரு கிழமை குரல் கட்டிப்போனால், சபை என் மகளை மட்டும் கேட்கும். நான் நினைத்தது அவ்வளவுதான் என்று கோர்ட்டில் சொன்னேன்.

இசபெல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கையால் தோசை சாப்பிடுவாள். தட்டில் கை வைக்கமுன் ஒவ்வொரு முறையும், "கச்சான்?" என்று கேட்பாள். அந்த ஒரு சொல்லை மகள் அவளுக்குப் பழக்கியிருந்தாள். நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்போம். "ஒரு துளி பட்டாலும் அவவுக்குத் தொண்டை வீங்கிடும் அப்பா, கவனம்" என்று மகள் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அதில் தொண்டை என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது.

தேர்வுக்கு நாலு நாள் முன்பு அவர்கள் இருவருக்கும் ஒத்திகை. பாலாம்பிகை தோசை சுட்டாள். சம்பலை நான் அரைத்தேன். மத்தியானம் பயிற்சி அறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அப்பா, கச்சான் இல்லைத்தானே?" என்றாள் மகள்.

"இல்லைப் பிள்ளை."

இசபெல் என்னைப் பார்த்து, "நன்றி அங்கிள்" என்றாள். தமிழில் சொன்னாள். நல்லாய் வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அறை வாசலில் இசபெல்லின் பை இருந்தது. நடைவழியில் பை வைக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. எடுத்துக்கொண்டு கீழே போய், தொலைந்த பொருள் வைக்கும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருடத்தில் அந்த விதியில் நான் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை.

பத்து நிமிடத்தில் மகள் படியால் ஓடி வந்தாள். பை எங்கே, பை எங்கே என்று கத்தினாள். எந்தப் பை, என்ன நிறம், எங்கே வைத்தது என்று கேட்டேன். அலுமாரியிலிருந்து பொருள் கொடுப்பதற்கு ஒரு படிவம் உண்டு. அவள் என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பறித்தாள். எட்டுச் சாவி, எது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஆம்புலன்சுக்கு அடித்தது நான்தான். பத்திரிகைகள் அதைப் போடவில்லை.

இசபெல் அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கடைச் சாமான் எதிலோ கலந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். பாலாம்பிகை தான் வாங்கிய உளுந்துப் பைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன்.

தேர்வு தள்ளிப்போனது. ஆனால் ஜூலையில் அதே தேவாலயத்தில் நினைவுக் கச்சேரி வைத்தார்கள். இசபெல் பாட இருந்த பாட்டை, பாட்டில்லாமல், என் மகள் தன் பங்கை மட்டும் வாசிப்பது என்று ஏற்பாடு. நான் முப்பத்தெட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். யேசுரட்ணத்துக்கும் சொன்னேன்.

நடுவில் ஹார்ப்சிகார்ட். அதில் என் மகள். வேறு யாருமில்லை. பாட்டு வர வேண்டிய இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அந்த வெறுமைக்குத் துணை போய்க்கொண்டிருந்தாள். சில இடங்களில் மூச்சு எடுக்க நேரம் விட்டாள். சபை முழுக்க அழுதது. தியாகராஜா மூக்கைச் சீறிக்கொண்டு, "மச்சான், உன்ர பிள்ளை தனிய நிண்டு பிடிச்சிட்டா" என்றான். அந்த நாள் என் வாழ்க்கையின் மிக நல்ல நாள். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

காரில் வரும்போது, "பாத்தியா பிள்ளை, இண்டைக்கு எல்லாருக்கும் கேட்டது" என்றேன்.

கார் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தது. அவள் கேட்டாள்: "அப்பா, அண்டைக்குச் சம்பல் ஆர் அரைச்சது? அம்மாவோ, நீங்களோ?"

"நான்தான்."

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். மறுநாள் பொலிஸ் வந்தது.

கச்சான் எவ்வளவு போட்டேன் என்பது மறந்துபோய்விட்டது என்றும், பையில் என்ன இருந்ததென்று தெரியாது என்றும் கோர்ட்டில் சொன்னேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தது அது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஒரு மேசைக்கரண்டி, வறுத்து, தோல் நீக்கி, கண்ணுக்குத் தெரியாதபடி அரைத்தேன். தொண்டைக்கு ஒரு தேக்கரண்டி போதும் என்பதும் தெரியும். அவளுக்கு அவசரத்துக்குப் போடுகிற ஊசி அந்தப் பையில்தான் இருந்தது. வாசலில் பைகளைச் சோதிக்கிறவன் நான், வாரத்துக்கு ஐந்து நாள் அதைப் பார்த்திருக்கிறேன். குரல் கட்டினால் ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடும். அடுத்த கச்சேரியிலும் நடுவில் அவள்தான் நிற்பாள். கணக்கை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

மகள் இப்போது வாசிப்பதில்லை என்று பாலாம்பிகை சிறைக்கு வந்து சொன்னாள். களைப்பாக இருக்கும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

அவள் சாட்சி சொன்ன நாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதலில் வழக்கம்போல மெல்லத்தான் பேசினாள். கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அவள் தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, முதலிலிருந்து சொன்னாள். ஒரு சொல் தடுமாறவில்லை. மேலே கடைசி வரிசையில் இருந்த தியாகராஜாவுக்குக்கூட எல்லாம் கேட்டது. மண்டபத்தின் நடுவில் அவள் நின்றாள்; ஓரத்தில் நான் இருந்தேன். அங்கே வீடியோ எடுக்க யேசுரட்ணத்தை விடவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை.