நெஞ்சுக்குள் வரப்பு

"என் நெஞ்சுல நண்டு வளை போட்டுருச்சு புள்ள" என்று முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னபோதுதான் காதைக் கொடுத்தேன். அரியலூரிலிருந்து வந்த பஸ். அவர்கள் பெரம்பலூரில் இறங்கி, சிகிச்சைக்குச் சென்னை பஸ் பிடிக்க வேண்டியவர்கள்.

"வெளங்குற மாதிரி சொல்லுங்க."

"நுரையீரல்லேருந்து வர்ற ரத்தக்குழா வாயிலதான் துடிப்பு தறிகெட்டுக் கெளம்புதாம். போன தடவ தொடை வழியா ஒயர வுட்டு, அந்த வாயச் சுத்திச் சுட்டு வரப்பு கட்டுனாங்க. வரப்புல எங்கயோ நண்டு வளை மாதிரி ஓட்ட. பழைய டாக்டரு ஓட்டைய அடைச்சா போதுங்கறாரு. புது டாக்டரு உள்ளயும் குறுக்கு வரப்பு போடணுங்கறாரு."

"குறுக்க சுட்டா?"

"வரப்பு இன்னும் நல்லா நிக்கலாமாம். கூடச் சுட்டா ஆபத்தும் கூடவாம்."

"ரெண்டும் வேணாம். வூட்டுக்குப் போவோம்."

"இப்படியே வுட்டா பக்கவாதம் வருங்கறாங்க. அரிசி மூட்டையே தூக்க மாட்ட, என்னைத் தூக்குவியா?"

"ரெண்டாந்தரம் சுட்டுக்கிட்டு நல்லா இருக்குற ஒரே ஒரு ஆளக் கண்ணுல காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அந்த ஆளுக்கு நான் எங்க புள்ள போவேன்?"

அவர்களுக்குப் பின்சீட்டில் நான் இருந்தேன். எனக்கும் இதேபோல் இரண்டு முறை சுட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை ஓட்டையை மட்டும் அடைத்தார்கள். அதன்பின் துடிப்பு தவறவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் என் நோயைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரம்பலூரில் அந்த அம்மா அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு, கண்டக்டரிடம் கேட்டாள்:

"அரியலூர் திரும்புற பஸ் எங்கங்க நிக்கும்?"