மாதம் முப்பது பதிவு இலவசம்

போதகர் ஐயா அவர்களுக்கு,

இதில் நான் எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்வதற்காகப் பேனாவைக் கீழே வைத்தேன்; சத்தியம் முடிந்த பிறகுதான் மறுபடி எடுத்தேன். எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி அதை ஞாபகம் வைத்துக்கொள்ள மூளையில் இடமும் இல்லை.

இலவசமாகக் கிடைக்கிற பொருளைத்தான் நன்றாகச் சோதித்து எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காசு கொடுத்து வாங்கியது கெட்டுப்போனால் கடைக்காரரிடம் சண்டை போடலாம். சும்மா வந்தது கெட்டுப்போனால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

நீங்கள் நம் ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது; அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்திவந்த ஜெனோ வேலை கிடைத்துப் பெங்களூர் போனபோது, பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி என்னிடம் கொடுத்தான். வாத்தியார் கையில் இருந்தால் எழுத்துப்பிழை வராது என்று நினைத்திருக்கிறான். தினமும் காலை ஐந்து மணிக்கு ‘இன்றொரு சிந்தனை’ என்று ஒரு வரி போட வேண்டும். ஊரில் வீடு இருநூறு. துபாய், சென்னை என்று வெளியே போனவர்களையும் சேர்த்துப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் ஆயிரத்து நானூறு பேர்.

சிந்தனைக்குப் பஞ்சமில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையின் மேல்மூலையில் தினம் ஒரு சிந்தனை எழுதியவன் நான். அத்தனையையும் ஒரு நீள நோட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். சிக்கல் ஐந்து மணியில்தான். அந்த நேரத்தில் நான் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பேன். ஆகவே, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் குறித்த நேரத்தில் தானே போட்டுவிடுகிற ஆப் ஒன்றைத் தேடினேன். நான்கு பார்த்தேன்.

முதலாவது, இலவசம் என்று சொல்லிவிட்டுக் கார்டு நம்பரைக் கேட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பீரோச் சாவியைக் கேட்பது மாதிரி. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது, ஒரு தடவைக்குப் பத்துப் பதிவுதான் வைத்துக்கொள்ளும். அதன் கடிகாரமும் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாது. ‘காலை வணக்கம்’ சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தது. வாழைத்தார் வியாபாரம் செய்கிற நம் சபைச் செயலாளர் ஹெப்ரான் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, போனைப் பார்த்துவிட்டு, பல் விளக்கி, இட்லி கேட்டு, அன்றைக்கு இரண்டாவது தடவையாக மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் இருட்டிய பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. இதுவும் உண்மை.

மூன்றாவது நல்ல ஆப். எத்தனை பதிவு வேண்டுமானாலும் வைக்கலாம். தமிழ் எழுத்தும் உடையாது. ஆனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும், இது இன்ன தேதியில் எழுதி வைக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தது. எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. பார்க்க அழகாயில்லை.

நான்காவதில் மாதம் முப்பது பதிவு இலவசம். அடியில் ஒரு குறிப்பும் கிடையாது. யாரோ அந்த நிமிடத்தில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும். அதையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நோட்டைத் திறந்து முப்பது சிந்தனைகளை வரிசையாகப் பார்த்து எழுதி வைத்துவிடுவேன். முப்பத்தோரு நாள் வருகிற மாதத்தில் ஒரு நாள் சிந்தனை இராது. அன்றைக்கு ஊர் சிந்திக்காமல் இருந்ததால் எந்தக் குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

நோட்டைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். பெட்டி ஜன்னல் வழியாக வெளியேறி ஆற்றோடு போய்விட்டது. நாலாம் நாள், காயல்பட்டினத்துச் சுஹைல் என்று ஒரு மீன் வியாபாரி அதை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒதுங்கிக் கிடந்ததாம். மூடியில் என் பேரும் ஊரும் பெயின்டில் எழுதியிருந்தது. திறந்தால், நோட்டின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. சுஹைல் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அது புதிதல்ல. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நான் பிடித்த விரால் மீனின் வயிற்றில் என் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி இருந்ததையும் நம்பவில்லை. “வாத்தியாரு ஆரம்பிச்சிட்டாருலே” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள்.

நம்பியது சாலோமி ஒருத்திதான்.

அவளை உங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். புருஷன் இறந்த பிறகு இங்கே வந்து, சபைக்குச் சொந்தமான ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தாள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கு ஊசி போடுவதும் பிரஷர் பார்ப்பதும் அவள் பிழைப்பு. என் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வருவாள். பெட்டிக் கதையைச் சொன்னபோது ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தவளய என்ன செஞ்சிய சார்?”

“ஆத்துல விட்டுட்டேன்.”

“நல்ல காரியம். அதுவும் பாவம், எம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்கு.”

அவளும் பேசுவாள். பத்து வீட்டுக்குள் போய்விட்டு வருகிறவளுக்கு மனதில் பாரம் இருக்கும்; இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். “சார், ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் என் இடது கையில் ஊசி போடுவாள்; எனக்கு இடது காது மந்தம். ஆகவே அவள் சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்டிருக்கும்.

ஆகஸ்டு ஏழாம் தேதி வந்த சிந்தனை இது: ‘வெள்ளம் எல்லைக்கல்லை அடித்துக்கொண்டு போகும், ஆனால் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டுப் போகாது.’ 1992 வெள்ளத்துக்குப் பிறகு கரும்பலகையில் எழுதியது. மறுநாள் விடியும்போது ஹெப்ரானின் வாழைத்தோட்டத்து எல்லைக்கல் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. நான் யாரையும் குறிப்பிடவில்லை. இருபதாம் தேதி: ‘செவ்வாய்க்கிழமை மருந்தென்று சொல்லிக் குடித்தது, புதன்கிழமையும் மருந்துதானா?’ ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டு வாரம் கோயிலுக்கு வரவில்லை. இது 1987இல் எழுதியது. 1987லும் செவ்வாய்க்கிழமை இருந்தது.

அதன் பிறகு ஒரு மாற்றம். நான் தெருவில் போனால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். காலை நாலே முக்காலுக்கே வீடுகளில் போன் வெளிச்சம் தெரிவதை ஆற்றங்கரையிலிருந்து பார்க்கலாம். எழுபத்தாறு வருடம் நான் சொன்ன ஒன்றையும் நம்பாத ஊர், ஐந்து மணிக்கு வருகிற ஒரு வரியை எழுத்துக்கு எழுத்து நம்பியது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஹெப்ரான் ஒருநாள் ரேஷன் கடை முன்னால் என்னை மறித்தார்.

“வேய் வாத்தியாரே, யாரு ஒம்மகிட்ட வந்து சொல்லுதா?”

“என்னத்த?”

“நடிக்காதியும்வே. எங்க வீட்டுக்குள்ள வந்து போற ஆளு ஒண்ணே ஒண்ணுதான். அவ ஒம்ம வீட்டுக்கும் வாரா. சாலோமிதான?”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்டீர்கள். ‘எல்லாம் பழைய நோட்டில் உள்ளது, முதல் தேதியே எழுதி வைத்துவிட்டது’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மூன்றாவது ஆப்பை எடுத்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். நான் சொன்னது வேறு.

“யாரு பேரையும் நான் சொல்ல மாட்டேன் ஹெப்ரான்.”

அது கண்ணியமான பதில் என்றுதான் அப்போது நினைத்தேன். யார் பேரையும் நான் சொல்லவும் இல்லை. ஹெப்ரான் தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் போனார். அந்த வாரத்தில் நான்கு வீடுகள் சாலோமிக்குக் கதவைச் சாத்தின.

பாடகர் குழுவில் முதலில் நிற்கிற ஃபெபி வீடு சாத்தவில்லை. அவளுடைய மாமியார் ராகேல் அம்மாளுக்குக் காலையிலும் ராத்திரியிலும் ஊசி. சாலோமி இல்லாமல் ஆகாது. செப்டம்பர் பதினான்காம் தேதி வந்த சிந்தனை: ‘கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் வீட்டில், மாமியார் மாட்டுக்கொட்டகையில் தனித்தட்டில் சாப்பிடுகிறாள்.’ இது உண்மையில் இருபத்தெட்டாம் தேதிக்கு வைத்தது. அந்த ஆப்பில் விரலால் இழுத்தால் பதிவுகளின் வரிசை மாறும். என் விரல் வழுக்கிவிட்டது. பதினான்காம் தேதி ஃபெபி கோயிலில் தனியாகப் பாட இருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் பாடவில்லை. அன்று காலையிலேயே சாலோமி ஊசிப்பையோடு போனபோது கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்ததைத் தெருவே கேட்டது.

“எங்க வீட்டு உப்பத் தின்னுட்டு ஊருக்குப் படம் போட்டுக் காட்டுதியா? இனி இந்தப் படி ஏறாத.”

“நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. ஊசிய மட்டும் போட்டுட்டுப் போயிருதேன். ராகேல் அம்மாவுக்கு நேரம் தப்பக் கூடாதுக்கா.”

ஜன்னலும் சாத்திக்கொண்டது. ஃபெபி தானே ஊசி போடப் பார்த்திருக்கிறாள்; பழக்கமில்லாததால் மருந்து பாதி வெளியே போயிருக்கிறது. பிறகு விட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் ராகேல் அம்மாளுக்குப் பேச்சு நின்றது. ஆம்புலன்ஸ் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்க ஆராதனையை நீங்கள்தான் நடத்தினீர்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அன்றைய சிந்தனை பொறுமையைப் பற்றியது; நல்ல வேளையாகப் பொருந்திவந்தது.

அதற்குப் பிறகுதான் கமிட்டி கூடி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாலோமி சபை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நேற்றுக் காலை அவள் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள். களக்காட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நானே ஊசி போட்டுக்கொள்ளப் பழக வேண்டும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள்.

“பைய குத்துங்க சார். பழமா இருந்தாலும் வலிக்கும்லா.”

நான் நாலைந்து தடவை குத்தினேன். அவள் பையை மூடிவிட்டு நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? நீங்க நோட்டப் பாத்துத்தான போடுதிய, எனக்குத் தெரியும். அந்த நோட்ட ஒருதரம் கோயில்ல கொண்டாந்து எல்லார் முன்னாலயும் விரிச்சுக் காட்டிருங்களேன். எல்லாம் பழைய எழுத்துன்னு தெரிஞ்சா எம் பேரு கழுவிப் போயிரும். நான் எங்கயும் போக வேண்டாம்.”

“காட்டுதேன் சாலோமி.”

“ஒங்கள நம்பித்தான் சார் இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, அந்தத் தவளைக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நோட்டைப் பீடத்தின் முன் வைக்க வேண்டும் என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் என் குற்றத்தை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். பேச வேண்டிய இடத்தில் நான் பேசாமல் இருந்தேன். ஊர் என்னை நம்புகிறதே என்று ஆசைப்பட்டு இருந்தேன். அடியில் தேதி போடுகிற ஆப்பைத் தள்ளிவிட்டு, தேதி போடாத ஆப்பைத் தேடி எடுத்ததும் அழகுக்காக அல்ல. என் குற்றம் மௌனம், அவ்வளவுதான். அதற்குச் சபை என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். சாலோமி ஒரு குற்றமும் அறியாதவள்.

இப்படிக்கு,
ஞா. வேதமுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்.

பின்குறிப்பு: வெள்ளத்தில் போன தகரப் பெட்டி திரும்பி வரவே இல்லை.