அடைக்காத மரை

லேத்தில் வெட்டுகிற டூலைப் பிடித்து நிறுத்தும் டூல் போஸ்டை வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். நான் லேத்தின் உயரத்தை அளந்துகொண்டுதான் கடைக்கே போவேன். சின்ன லேத் வைத்திருப்பவர்கள் ஏமாறுவது அங்கேதான். போஸ்ட் உட்காருகிற மேல் ஸ்லைடிலிருந்து, கம்பியைப் பிடித்துச் சுற்றுகிற சக்கின் மையம் வரை எவ்வளவு இடம் இருக்கிறதோ, அதற்குள் டூல் அடங்கி நிற்க வேண்டும். கொழுத்த போஸ்டாக வாங்கி வந்துவிட்டால் டூலின் முனை மையத்துக்கு மேலேயே நிற்கும். இறக்க வழியே கிடையாது. அப்படி வாங்கிவிட்டு மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த ஃபெங்யுவான் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, விபத்தை விசாரிக்க வந்த நீங்கள் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருக்கிற இந்தத் தாளில் 'பொருத்தியவருக்குப் போதிய தொழிலறிவு இல்லாததால் நேர்ந்த விபத்து' என்று இருக்கிறது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். பொருத்தியது நான். லேத்தில் நின்று நின்றே என் ஒரு தோள் இறங்கிப்போய்விட்டது. எனக்குத் தொழில் தெரியாது என்று என் பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதி நீட்டினால் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? டீ ஆறுகிறது, குடியுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், தாளைத் திருத்திவிடலாம்.

என் மகன் பெயர் வெய்லுன். நான் ஆலுன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் அப்பா, "சீனாவுல ஃபேக்டரி போடப்போறேன், கால் ஊன்றினதும் உங்களைக் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அங்கே நன்றாகவே கால் ஊன்றிவிட்டார், இன்னொரு குடும்பத்தோடு. ஆலுனைப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் உட்காரவைத்துக்கொண்டு நான் லேத் ஓட்டினேன். பித்தளை மூடிகள்தான் அவனுக்கு விளையாட்டுச் சாமான். அவன் வளர்ந்ததும் லேத்தை நான் விட்டேன், அவன் பிடித்தான். சைக்கிள் உதிரிபாகம் கடைந்து கொடுத்தே இந்த வீட்டை ஓட்டினோம். கீழே லேத், மேலே படுக்கை. வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு பெய்ஷான் வந்தாள். தூரத்துத் தைனான்காரி. அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள், பால்மீன் கஞ்சி. நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது ஆலுன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

"அம்மா, வருஷம் பொறந்ததும் நான் தைனான் போறேன். அங்க வார்ப்பு அச்சு கடையற ஒரு பட்டறையில கூப்பிடுறாங்க. கல்யாணமும் அங்கதான்."

"இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சலா? ஒரு டூல் மாத்துறதுக்குள்ள உயரத்துக்கு அடியில தகடு குடுத்து, எடுத்து, மறுபடி குடுத்து, உசுரு போவுது. அங்கெல்லாம் கைப்பிடியத் திருப்புனா டூல் மாறிடுது. நாம இன்னும் தாத்தா காலத்துலயே நிக்கிறோம்."

"அவ்வளவுதானே? அந்த மாதிரி ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு."

"வாங்குனாலும் போவேம்மா. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அழக்கூடாது."

நான் அழவில்லை. அழுகிற ஆளும் இல்லை. மறுநாள் லேத் சாமான் விற்கிற ஜியாங்கின் கடைக்குப் போனேன்.

"என்ன சியூலுவான் அக்கா, லேத்துக்கு நகை வாங்க வந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஜியாங் மூன்று டூல் போஸ்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம், கையில் தூக்கிப் பார்த்ததுமே கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது, உள்ளேயிருந்து ஒரு முளை வந்து டூல் பிடிப்பானை வெளிப்பக்கமாகத் தள்ளி இறுக்குகிற வகை. மூன்றாவது ஆப்பு வகை. கைப்பிடியைத் திருப்பினால் ஆப்பு இறங்கிப் பிடிப்பானைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு இரண்டும் ஒரே இரும்புதான்.

"சின்ன லேத்துக்கு ரெண்டாவதே தாராளம்க்கா. ஆப்பு வாங்கி என்ன, கப்பலா கடையப்போறீங்க?"

"எம் பையன் வேலை செய்யறது. நல்லதாவே இருக்கட்டும்," என்றேன்.

மட்டமானதை வாங்கியிருந்தால் ஆலுன் நம்பியிருக்க மாட்டான், பயந்து பயந்துதான் வெட்டியிருப்பான். ஆப்பு வகை அசையாது. அசையாததைக் கண்டால் கைக்குத் துணிச்சல் வந்துவிடும். தடிக் கம்பியையும் ஒரே மூச்சில் துண்டாக்கப் பார்ப்பான். எனக்கு அந்தத் துணிச்சல் வேண்டியிருந்தது. உயரமும் என் லேத்துக்குக் கச்சிதமாக இருந்தது. ஆகவே, தேர்ந்தெடுத்ததில் பிழை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை.

இனி நட்டு. போஸ்டை லேத்தோடு பிணைக்கக் கடையில் கொடுக்கிற நட்டு எந்தச் சின்ன லேத்துக்கும் அப்படியே சேராது. மேல் ஸ்லைடில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குள் நட்டு உட்கார வேண்டும். மேலேயிருந்து போல்ட் இறங்கி அதைப் பிடிக்கும். அந்தப் பள்ளத்துக்குத் தக்கபடி நட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். நட்டுக்குள் திருகாக வெட்டுகிற மரையை அடிவரை ஓட்டக்கூடாது. ஓட்டினாலும் கடைசிச் சுற்றைப் பஞ்ச் வைத்துத் தட்டி அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் நட்டைத் தாண்டி இறங்கி, பள்ளத்தின் தரையில் ஊன்றிக்கொண்டு, நட்டை மேலே நெம்பும். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு இறுக்க இறுக்க நன்றாகப் பிடிக்கிற மாதிரிதான் தெரியும். உள்ளே நட்டை அமுக்கிப் பிடித்திருக்கிற பள்ளத்தின் வார்ப்பிரும்பு உதடு கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டிருக்கும். ஆலுனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் நான் செய்து கொடுத்த எதையும் அவன் ஒரு நாளும் திருப்பிப் பார்த்தவன் இல்லை.

அந்த நட்டில் மரையை அடிவரை ஓட்டினேன். 'அடைக்கத் தவறியதால்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தவறவில்லை. பஞ்சும் சுத்தியலும் கையிலேயே இருந்தன. கீழே வைத்துவிட்டேன்.

இந்தத் தெருவில் எல்லா மிஷின் மேலும் ஒரு பச்சைப் பை நொறுக்குத்தீனி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் மேலும் கட்டாயம் இருக்கும். பச்சைப் பை வைத்தால் மிஷின் சொன்னபடி கேட்கும், மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்கும், தேதி போன பையை வைத்தால் கேட்கவே வேண்டாம். விபத்து நடந்ததும் எதிர்வீட்டு முலாம் பட்டறை ஆகாவ் ஓடிவந்து, "ஐயோ அக்கா, பையில தேதியப் பார்க்காம விட்டுட்டீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். விடவில்லை. நட்டைப் பொருத்திய அன்று காலையிலேயே பழைய பையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். கும்பிட்டேன். கையோடு நிறுத்திக்கொள், முகத்தில் பட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். லேத் சொன்னபடி கேட்டது.

முதலில் சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆலுனுக்கு வாயெல்லாம் பல்தான். "இத முன்னாடியே வாங்கியிருக்கலாம்லம்மா, எவ்வளவு நாளு குனிஞ்சு குனிஞ்சு செத்தேன்," என்று கைப்பிடியைச் சும்மா திருப்பித் திருப்பி விளையாடினான். அவன் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு மனசு இளகிவிட்டது. நட்டைக் கழற்றி அடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அன்று சாயங்காலமே பெய்ஷானோடு போனில் தைனானில் வாடகைக்கு வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். சரி என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். தடிக் கம்பியைத் துண்டாக்கும்போது உதடு பிளந்தது. போஸ்ட் கவிழ்ந்தது. ஆலுன் அதைப் பிடிக்கப் போனான், சுற்றுகிற சக் கையை இழுத்துக்கொண்டது. விழுகிற சாமானை லேத்காரன் கை தானாகப் போய்ப் பிடிக்கும். அதுவும் எனக்குத் தெரியும். கரண்டை நிறுத்தியது நான்தான். தடிக் கம்பி வந்த நாளிலெல்லாம் நான் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எந்தத் தாய் மேலே போய்ப் படுப்பாள்?

மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான்தான் ஊட்டினேன். அந்த மரப்பெட்டிக்குள் இருந்தபோது எப்படி வாயைத் திறப்பானோ அப்படியே திறந்தான். மீசை முளைத்த பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுவது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அச்சுப் பட்டறைக்காரர்கள் ஒரு கூடை பழம் அனுப்பிவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பெய்ஷான் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது மூஞ்சி வீங்கியிருந்தது. "இதோ பாரு, கஞ்சி ஊத்த ஒரு கை போதும். மீன்ல முள்ளெடுக்க எனக்கு ரெண்டு கை இருக்கு. நீ கல்லாவுல உக்காந்து வாயடிச்சாலே பாதி யாவாரம் ஆயிடும்," என்றாள்.

"சம்பளம் எவ்வளவு தருவ?" என்றான் இவன்.

"சோறு போடுறேன், போதும்."

ஆலுன் சிரித்தான். கை போன பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். வயிறு எரிந்தது, ஐயா, மறைக்க மாட்டேன். லேத்தை யோசித்தேன், நட்டை யோசித்தேன், பட்டறைக்காரர்களை யோசித்தேன். அந்தக் கஞ்சிக் கடையை நான் யோசிக்கவே இல்லை.

வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறதே, அது பெய்ஷானுடையது. துணிமணியை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கே கிளம்புகிறார்களாம். வாயைத் திறக்காமல் நீங்கள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்கும் வேலை முடிந்திருக்கும், எனக்கும் எந்த வம்பும் வந்திருக்காது. அது தெரியாதவள் இல்லை நான்.

'தொழிலறிவு இல்லாததால்' என்பதை அடித்துவிடுங்கள். 'நன்றாகத் தெரிந்தே' என்று எழுதுங்கள். போலீசுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்துத் தைச்சுங் ஜெயிலிலேயே வைத்தார்கள் என்றால் நல்லது. இங்கேயிருந்து பஸ் இருக்கிறது, அவன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். தைனானிலிருந்து வருவது கஷ்டம். வக்கீல் பார்க்க வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பட்டறையையும் பூட்டிப் போட முடியாது. இதற்கெல்லாம் வீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். எனக்கென்று அவனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கார்க் கதவைச் சாத்துகிறார்கள். எழுதுவதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், முதலில் ஓடிப்போய் ஆலுனைக் கூப்பிடுங்கள். அவன் கையை எடுத்தது அம்மாதான் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அம்மா ஜெயிலில் இருக்கும்போது எந்தப் பிள்ளை ஊரை விட்டுப் போவான்?